நிலவறைக்கும் குளியலறைக்கும் பிரைமர், பெயிண்ட் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிலவறையையும் குளியலறையையும் ஒன்றாகப் புதுப்பிக்கிறவர்கள் பலரும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), ஒரே பெயிண்ட் வாங்கி வந்துவிடுகிறார்கள். இரண்டும் ஈரமான அறைகள்தானே என்ற நினைப்பு. ஆனால் ஈரம் வரும் பக்கம் வேறு. தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலவறையில் அது மண்ணிலிருந்து சுவர் வழியாக உள்ளே வருகிறது. குளியலறையில் காற்றில் இருக்கும் ஆவி சுவரின் முகத்தில் வந்து படிகிறது.

அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: பிரைமரைச் சுவரைப் பார்த்து வாங்க வேண்டும், பெயிண்டை அறையைப் பார்த்து வாங்க வேண்டும். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது. கடைக்குப் போவது ஆறாவது படியில்தான் வருகிறது.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

தடிமனான பாலிதீன் தாள், நன்றாக ஒட்டும் டேப், மருத்துவ ஸ்பிரிட், பஞ்சு, பட்டித் தகடு, கம்பி பிரஷ், காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர். இவை பெயிண்ட் அடிக்க அல்ல, எந்தப் பெயிண்ட் என்று முடிவு செய்ய.

அப்புறம் நாட்கள் வேண்டும். புதிதாகப் பூசிய சிமென்ட் பூச்சு என்றால் 28 நாள் காயட்டும். குளியலறைக்கு, கடைசி கோட்டுக்குப் பிறகும் சில நாள் யாரும் அங்கே குளிக்கக் கூடாது. வீட்டில் ஒரே குளியலறை என்றால் குளிக்க வேறு இடம் பேசிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். "ரெண்டே நிமிஷம், குளிச்சுட்டு வந்துடறேன்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பிரைமருக்கும் பெயிண்டுக்கும் நடுவில் அந்த ஆவி படிந்தால், மேலே அடிக்கும் கோட் சரியாகப் பிடிக்காது.

2. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

நிலவறைச் சுவரில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, இரண்டு வெளிச்சுவர்கள் சேரும் மூலையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 45 செ.மீ. சதுரத்துக்குப் பாலிதீன் தாளை வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விட வேண்டும். நான் இரண்டு நாள் விடுவேன்.

பிரிக்கும்போது அவசரம் வேண்டாம். முதலில் தாளின் வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் என்றால், அறைக் காற்றிலிருக்கும் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. பிறகு ஒரு மூலையை மெதுவாக உரித்து உள்பக்கம் பாருங்கள். அங்கே ஈரம் என்றால் சுவரே அதைக் கொண்டுவருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருப்பதும் உண்டு. அப்போது இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

முதன்முறை நான் இதைச் செய்த சுவர் கைக்குக் காய்ந்ததாகத்தான் தெரிந்தது. தாளை உரித்தபோது அதன் உள்பக்கம் முழுக்க ஊசிமுனை அளவுத் துளிகள் நின்றன. டேப் விட்டதும் அவை ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து, சுவரின் தூசியில் கோடு போட்டுக்கொண்டு இறங்கின. சுவர் காய்ந்திருந்ததாகத் தெரிந்ததற்குக் காரணம், உள்ளே வந்த ஈரம் வந்த வேகத்திலேயே காற்றில் போய்க்கொண்டிருந்ததுதான். அந்த வழியைப் பெயிண்டால் அடைத்தால், அது பெயிண்டைத் தள்ளிக்கொண்டு கொப்புளமாக எழும்பும்.

காற்றிலிருந்து வரும் ஈரத்துக்கு ஒரு கணக்கு. அறை 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், சுமார் 16.7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் அந்த அளவுக்குக் குளிர்வது சாதாரணம். அங்கே ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறக்கும் டிஹியூமிடிஃபயர் செய்யும் வேலையை எந்தப் பெயிண்டும் செய்யாது.

சுவர் வழியாகத் தண்ணீரே கசிகிறது என்றால் பெயிண்ட் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டுகிறதா, வெளித்தரை வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா, வடிகால் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, மழை இல்லாத மாதத்தில் செய்த சோதனையை நம்பாதீர்கள். நல்ல மழை பெய்த சில நாட்களில் இன்னொரு முறை ஒட்டிப் பார்க்க வேண்டும்.

குளியலறையில் பெரும்பாலும் ஆவிதான் காரணம். ஆனால் ஷவர் குழாய் ஓடும் சுவரின் மறுபக்கத்தையும் பாருங்கள். தெரிந்தவர் ஒருவர் அந்த மறுபக்கச் சுவருக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்தார். மூன்றாவது முறையும் அதே இடம் உரிந்த பிறகுதான், உள்ளே குழாய் இணைப்பு ஒழுகுவது தெரிந்தது.

3. வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா, பூஞ்சையா

இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும், வைத்தியம் நேர்மாறு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உப்பு கரைந்து மறையும். பூஞ்சை கரையாது, தேய்த்தால் இழுபடும்.

உப்பு என்றால் கம்பி பிரஷால் உலர்வாகத் தேய்த்து, தூசியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கரைந்த உப்பு சுவருக்குள் திரும்பப் போய், காயும்போது மறுபடி வெளியே வரும். உப்பு தொடர்ந்து பூத்தால் ஈரம் இன்னும் நிற்கவில்லை என்று பொருள். இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

பூஞ்சை என்றால் முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். ஜிப்சம் பலகைக்குள் இறங்கிவிட்ட பூஞ்சையைக் கழுவி எடுக்க முடியாது, அந்தத் துண்டை வெட்டி மாற்றுவதுதான் வழி. ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் இந்த வேலை தெரிந்தவர்களை அழைப்பது நல்லது. ப்ளீச்சை அமோனியா கலந்த கிளீனருடனோ ஆசிட்டுடனோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

பூஞ்சையின் மேலேயே "பூஞ்சை எதிர்ப்பு" பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலிருக்கும் மருந்து பெயிண்ட் படலத்தின் மேல் புதிதாக முளைப்பதைத் தடுக்கத்தான். கீழே ஏற்கெனவே இருப்பதைக் கொல்லாது.

4. பழைய பெயிண்ட் என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஓர் இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்தித் தேயுங்கள். நிறம் பஞ்சில் ஏறி, பெயிண்ட் பிசுபிசுத்தால் அது தண்ணீர் கலக்கும் எமல்ஷன். ஒன்றும் நடக்காவிட்டால் எண்ணெய் சார்ந்த எனாமல். பழைய எனாமல் மேல் எமல்ஷனை நேராக அடித்தால் காய்ந்ததும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நகத்தால் கீறினால் பாம்புச் சட்டை மாதிரி நீளமாக உரிந்து வரும்.

அடுத்து, கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டிப் பட்டென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் அந்தச் சுவரில் புதுப் பெயிண்ட் எதை அடித்தும் பலனில்லை, பழையது உரியும்போது புதியதும் சேர்ந்து வரும். உள்ளங்கையால் தேய்க்கும்போது மாவாக ஒட்டினாலும் அதே கதைதான்.

கட்டடம் பல பத்தாண்டுகள் பழையது என்றால் உப்புத்தாளை எடுக்கும் முன் ஈயச் சோதனை செய்துகொள்ளுங்கள். பழைய எனாமல்களில் ஈயம் இருந்தது. அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி, குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெரிய ஆபத்து.

5. சுவரைத் தயார்செய்யும் வரிசை

சுரண்டுதல், கழுவுதல், விரிசல் அடைத்தல், பட்டி பார்த்தல், உப்புத்தாள் போடுதல், தூசி துடைத்தல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முக்கியமாக, கழுவும் முன் உப்புத்தாள் போடாதீர்கள். குளியலறைச் சுவரில் சோப்புப் படலமும் தலையில் அடிக்கும் ஸ்ப்ரேயும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். உப்புத்தாள் அதைக் கீறல்களுக்குள் தள்ளிவிடும். அந்த இடத்தில் பெயிண்ட் சின்னச் சின்னக் குழிகளாக விலகி நிற்கும்.

எனாமல் பளபளப்பு இருந்தால் 120 முதல் 180 வரை எண் போட்ட உப்புத்தாளால் மங்கும்வரை தேயுங்கள். உரித்து எடுக்க வேண்டியதில்லை, பிடிமானம் கிடைத்தால் போதும்.

பட்டியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உலர்ந்த அறைகளுக்கான ஜிப்சம் பட்டியை நிலவறையின் சிமென்ட் சுவரில் போட்டால், ஈரம் பட்டதும் அது இளகிப் பொரிந்துவிடும். அங்கே சிமென்ட் சார்ந்த பட்டிதான். கசியும் விரிசல் என்றால், ஈரத்திலேயே சில நிமிடங்களில் இறுகும் ஹைட்ராலிக் சிமென்ட் வேண்டும். விரிசலை அடிப்பக்கம் அகலமாக இருக்கும்படி செதுக்கி அடைத்தால் அது பிடுங்கிக்கொண்டு வராது.

டைல்ஸ் ஓரத்தில் பெயிண்டுக்கு முன் சிலிகான் போடாதீர்கள். சிலிகான் மேல் பெயிண்ட் ஒட்டாது. பெயிண்ட் அடிக்கப்போகும் இடுக்குகளுக்கு அக்ரிலிக் சீலண்ட். சிலிகானை எல்லா வேலையும் முடிந்த பிறகு போடலாம்.

6. பிரைமர்: சுவரைப் பார்த்து

சிமென்ட் பூச்சு, கான்கிரீட் என்றால் காரத்தைத் தாங்கும் அக்ரிலிக் பிரைமர். புதிய சிமென்ட்டின் காரத்தன்மை பி.எச். அளவில் 12, 13 வரை இருக்கும். எண்ணெய் சார்ந்த பிரைமரை அதன்மேல் அடித்தால், காரமும் எண்ணெயும் சேர்ந்து உண்மையாகவே சோப்பாக மாறும். பெயிண்ட் பிசுபிசுத்து உரியும். "எண்ணெய் பிரைமர்தான் உறுதி" என்ற பழைய நம்பிக்கை மரத்துக்குச் சரி, நிலவறைச் சுவருக்குச் சரியில்லை.

பெயிண்ட் படாத ஜிப்சம் பலகைக்குக் கடைகளில் பி.வி.ஏ. பிரைமர் (வெள்ளைப் பசை வகை) கொடுப்பார்கள். உலர்ந்த அறைக்கு அது போதும். குளியலறைக்கு நான் அக்ரிலிக் பிரைமரைத்தான் எடுப்பேன், ஆவியில் அது நன்றாகத் தாங்குகிறது.

பழைய எனாமலுக்கு, தேய்த்த பிறகு பளபளப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்றே வரும் பாண்டிங் பிரைமர்.

தண்ணீர்க் கறை, பழுப்பு வளையம், புகைக்கறை இருந்தால் சாதாரண எமல்ஷன் பிரைமர் தோற்றுவிடும். அதிலுள்ள தண்ணீரே கறையைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வரும். அந்த இடத்துக்கு மட்டும் ஷெல்லாக் (அரக்கு) அல்லது எண்ணெய் சார்ந்த கறைத்தடுப்புப் பிரைமரைத் தொட்டு அடியுங்கள். ஷெல்லாக் சீக்கிரம் காயும், ஆனால் ஈரச் சுவர் முழுக்க அடிக்க ஏற்றதல்ல. இந்த இரண்டு வகையின் ஆவியும் தீப்பற்றும். நிலவறையில் எரிவாயு வாட்டர் ஹீட்டரோ பாய்லரோ இருந்தால் அதை அணைத்து, காற்றோட்டம் செய்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். எண்ணெய் பெயிண்ட் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

இரும்புக் குழாய், கதவுச் சட்டம் இவற்றுக்குத் துருத்தடுப்பு பிரைமர்.

ஒட்டிக்கொண்டிருக்கும் நல்ல எமல்ஷன் சுவர் என்றால் முழுச் சுவருக்கும் பிரைமர் தேவையில்லை. பட்டி பார்த்த இடங்களுக்கு மட்டும் போதும். அந்த இடங்களையும் விட்டுவிட்டால் பட்டி பெயிண்டை உறிஞ்சி, விளக்கைப் போட்டதும் திட்டுத்திட்டாக மங்கித் தெரியும்.

"பிரைமரும் பெயிண்டும் ஒன்றிலேயே" என்று வரும் டப்பாக்கள் இந்தக் கடைசி வகைச் சுவருக்குச் சரி. காரமுள்ள சிமென்ட்டுக்கும், எனாமலுக்கும், கறைக்கும் அவற்றை நம்ப மாட்டேன்.

7. நிலவறைப் பெயிண்ட்

பாலிதீன் தாளின் உள்பக்கம் காய்ந்திருந்தால் வேலை எளிது: காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு கோட், அதன் மேல் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட். மேட் (பளபளப்பே இல்லாதது) அல்லது, அதைவிடச் சற்றே பளபளக்கும் எக்‌ஷெல் பளபளப்பு போதும். கரடுமுரடான சுவரில் அதிகப் பளபளப்பு ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும்.

உள்பக்கம் லேசான ஈரம் இருந்தால், சிமென்ட் சுவருக்கென்று வரும் நீர்த்தடுப்புப் பெயிண்ட். இங்கேதான் பெரிய குழப்பம். இந்த வகைகள் பொதுவாகப் பெயிண்ட் படாத வெறும் சுவரில்தான் வேலை செய்யும், ஏனென்றால் அவை சுவரின் துளைகளுக்குள் இறங்கி அடைக்க வேண்டும். முதலில் பிரைமர் அடித்தால் அந்தத் துளைகளை நீங்களே மூடிவிடுகிறீர்கள். பழைய பெயிண்ட் மேல் அடித்தாலும் அதே நிலைதான். பழையதை முழுக்க எடுக்க முடியாவிட்டால் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

முதல் கோட்டை ரோலரால் உருட்டாமல், முரட்டு பிரஷால் குத்திக் குத்தி அடியுங்கள். காய்ந்ததும் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் ஊசித்துளைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். இரண்டாவது கோட்டில் அவற்றை மூட வேண்டும். டப்பாவில் சொன்ன பரப்பளவுக்கு மேல் இழுத்து அடித்தால் படலம் மெலிந்து, போட்ட உழைப்பு வீணாகும். அழுத்தத்தோடு வரும் தண்ணீருக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

நிறத்தில் ஒரு சின்ன விஷயம். வெளிச்சம் குறைந்த அறையைச் சுத்த வெள்ளை வெளிச்சமாக்கும் என்று எதிர்பார்ப்போம். சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும். கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிர் நிறம் மேல். எதுவானாலும் அந்த அறையின் விளக்கிலேயே, ஒரு அட்டையில் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தரைக்குச் சுவர்ப் பெயிண்ட் வேண்டாம். அது தனி வேலை.

8. குளியலறைப் பெயிண்ட்

இங்கே சுவர் காய்ந்தது, அறைதான் ஈரம். அதனால் தண்ணீரை உறிஞ்சாத, அடிக்கடி துடைத்தாலும் தேயாத படலம் வேண்டும். பூஞ்சைத்தடுப்பு சேர்த்த நூறு சதவீத அக்ரிலிக் எமல்ஷன், இன்னும் கொஞ்சம் பளபளக்கும் சாட்டின் அல்லது செமி கிளாஸ் வகை. குளியலறைக்கென்றே செய்த மேட் வகைகளும் வருகின்றன, அவையும் சரிதான். சாதாரண வரவேற்பறை மேட் மட்டும் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, துடைத்தால் பளபளத்த தடம் விழும்.

கூரையை மறந்துவிடுகிறார்கள். ஆவி முதலில் போய்ச் சேர்வது அங்கேதான், குறிப்பாக ஷவருக்கு நேர் மேலே. சுவருக்கு வாங்கிய அதே தரத்தைக் கூரைக்கும் வாங்குங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டி நிற்காவிட்டால், பெயிண்டுக்கு முன் ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

9. எவ்வளவு வாங்குவது

வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் வரும். கரடுமுரடான கான்கிரீட் கல் சுவரில் பாதிதான். 2.5 மீட்டருக்கு 2 மீட்டர் குளியலறை, உயரம் 2.4 மீட்டர் என்றால் சுவர்கள் 21.6 சதுர மீட்டர். கதவைக் கழித்தால் ஏறக்குறைய 20. இரண்டு கோட்டுக்கு 40, ஆக 5 லிட்டர். டைல்ஸ் இருக்கும் பரப்பைக் கழித்துக்கொள்ளுங்கள், கூரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு டப்பா வாங்கினால் இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிட்டு அடியுங்கள், நிறத்தில் சின்ன வேறுபாடு இருந்தாலும் சுவரில் தெரியாது.

10. அடிக்கும் நாள்

அறையும் சுவரும் 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். சுவரின் வெப்பநிலை நீர் படியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்கட்டும். மேலே சொன்ன 16.7 கணக்கில், சுவர் 20 டிகிரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல்தான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

கூரை முதலில், பிறகு சுவர், கடைசியில் கதவுச் சட்டம். சொட்டுகள் கீழே விழும் என்பதுதான் காரணம். வழவழப்பான சுவருக்கு 10 மி.மீ. முடியுள்ள ரோலர், கரடுமுரடானதற்கு 18 முதல் 20 மி.மீ. ஓரங்களை பிரஷால் அடித்த உடனே, அது காயும் முன் ரோலரை ஓட்டுங்கள். காய விட்டால் படச்சட்டம் போட்டதுபோல ஓரம் தனியாகத் தெரியும்.

இரண்டு கோட்டுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்பதை டப்பாவில் பாருங்கள். எமல்ஷனுக்குப் பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் போட்டிருக்கும். அது நல்ல காற்றோட்டமுள்ள அறைக்கான கணக்கு. நிலவறையில் நான் மறுநாள்தான் அடிப்பேன்.

11. அடித்து முடித்த பிறகு

தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, உள்ளே முழுக்க இறுகுவது வேறு. இறுகுவதற்கு 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை சுவரை அழுத்தித் துடைக்காதீர்கள், நிலவறையில் மர அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அலமாரிக்குப் பின்னால் காற்று போக, ஒரு கையளவு இடைவெளியை அதற்குப் பிறகும் விடுங்கள்.

டைல்ஸ் ஓரத்துச் சிலிகானை இப்போது போடலாம். குளித்த பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன் 20 நிமிடமாவது ஓடட்டும்.

முதல் சில குளியல்களுக்குப் பிறகு சுவரில் தேன் நிறத்தில் பிசுபிசுப்பான கோடுகள் வழிந்தால் பதறி மறுபடி அடிக்கக் கிளம்பாதீர்கள். எமல்ஷன் முழுக்க இறுகும் முன் ஆவி பட்டால், அதில் கலந்திருக்கும் சோப்பு போன்ற பொருட்கள் மேலே வந்து வழியும். பெயிண்ட் கெட்டுப்போகவில்லை. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை வரும், அப்புறம் நின்றுவிடும்.